பதினாலு டிகிரி

கீழே ஈப்போவில் இந்நேரம் விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.
இங்கே கம்போங் ராஜாவில் விடிகாலை மூன்றரை,
பதினாலு டிகிரி.
இதைப் போய்க் குளிர் என்றால்
பனிநாட்டுக்காரன் சிரிப்பான்.
ஐந்து வருடப் பேட்டரி சிரிப்பதில்லை.

சாவியை முதல் திருப்பில் நிறுத்தினேன்.
சுருள் விளக்கு மஞ்சளாய் எரிந்து அணைந்தது.
இன்னொரு தடவை. இன்னொன்றும்.
கிளட்சை அடிவரை மிதித்துத் திருப்பினால்
சளி பிடித்த பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்பியது போல
ஒரு முனகல், அப்புறம் அதுவும் இல்லை.

பின்னால் அறுபது கூடை முட்டைக்கோஸ்.
ஐந்தரைக்குள் போய்ச் சேராவிட்டால்
தவுக்கே கிலோவுக்கு இருபது காசு குறைப்பார்,
குறைத்துவிட்டு நலம் விசாரிப்பார்.

இறங்கினேன்.
வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, பற்றவில்லை.
புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை.
ஆனால் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கிய மூடுபனி
பின்சக்கரம்வரை வந்து நிற்கிறது.
எது புகை, எது பனி?
குனிந்து மோந்தேன். கண் எரிந்தது.
புகைதான்.

வடிகட்டியில் தண்ணீர் இருக்காது, நேற்றுத்தான் வடித்தேன்.
இணைப்புத் தகட்டைக் கழற்றி
சோதனை விளக்கைச் சூட்டுப் பிளக்குகளில் வைத்தேன்.
ஒன்று எரிந்தது. இரண்டு இல்லை. மூன்று எரிந்தது.
நாலாவது, விரல் விறைத்துப் போய்
எட்டவே இல்லை.

பாக்கிங் ஷெட்டிலிருந்து தில் பகதூர்
எத்தர் டின்னோடு ஓடி வந்தான்.
வேண்டாம் தம்பி, சூட்டுப் பிளக் எஞ்சினில்
அதை அடித்தால் வெடித்துவிடும் என்றேன்.
எங்கள் ஊரில் இதைவிடக் குளிர் என்றான்.
அங்கே லோரி எப்படிக் கிளம்பும்?
வெயில் வந்த பிறகு, என்றான்.

உருட்டிவிட்டால் கிளம்பும்.
அதற்காகத்தான் தினம் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துகிறேன்.
இன்று முன்னால் வழியை அடைத்து ஒரு ஹைலக்ஸ்.
தவசீலனுடையது. என் கொழுந்தன்.
அண்ணன் போனபின் லோரி எனக்குத்தான் என்று
கோவில் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் சொன்னவன்.
பதினேழு மாதமாய்ப் பேச்சில்லை.

கதவைத் தட்டினேன்.
கைலியும் கம்பளிக் குல்லாயுமாக வந்தவன்
என்னைப் பார்க்கவில்லை, லோரியைப் பார்த்தான்.
வண்டியை நகர்த்துவான் என்றிருந்தேன்.
பேட்டரிப் பக்கம் ஒட்டி நிறுத்தி
பானெட்டைத் திறந்தான்.

சிவப்பு என் கூட்டலில். சிவப்பு அவன் கூட்டலில்.
கறுப்பு அவன் கழித்தலில்.
கடைசிக் கறுப்பைப் பேட்டரிக்குக் கொடுக்காமல்
சேஸிஸில் பெயின்ட் உரிந்த ஒரு போல்ட்டை
இருட்டில், தேடாமலே, கண்டுபிடித்தான்.
இத்தனை நாள் ஓட்டியும்
அந்த போல்ட் எனக்குத் தெரியாது.

"அஞ்சு நிமிஷம்" என்றான்.
என்னிடம் சொன்னானா, லோரியிடமா.
ஐந்து நிமிடமும் அவன் எஞ்சின் மட்டும் பேசியது.

பிறகு என்னுடையது இருமியது.
மூன்று சிலிண்டரில் நொண்டி
நாலிலும் பிடித்தது.
தில் பகதூர் கை தட்டினான், தனியாக.
"நாலு பிளக்கையும் மாத்தணும்."
அண்ணி என்றும் இல்லை, நீங்கள் என்றும் இல்லை.
கேபிளைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு
உள்ளே போய்விட்டான்.

சிம்பாங் பூலாய் இறக்கத்தில்
கால் வைக்கும் இடம்வரை வெதுவெதுப்பு.
இருபது காசு எப்படியும் போச்சு.
பக்கத்து சீட்டில் ஏதோ உருள்கிறதே என்று பார்த்தால்
சுருட்டிய ஜம்பர் கேபிள், வாயைப் பிளந்துகொண்டு.
எது யாருடையது என்று தெரியாமல்
தில் பகதூர் இங்கே ஏற்றிவிட்டிருக்கிறான்.

இதைத் திருப்பிக் கொடுக்க
மறுபடி அந்தக் கதவைத் தட்டணும்.
பகலில்.