ஏழரை

எங்கள் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டு:
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை.
என் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஊர் இன்னும் மோசம்.
அங்கே காற்று இல்லை, துரு இல்லை, ஸ்க்ரூ இல்லை,
எல்லையைத் தொட்ட அலை திரும்பி வருவதில்லை.
ஒன்றுமில்லாத வெளியில்
ஒரு கொம்பு மட்டும் மிதக்கிறது.

ஒன்றிலிருந்து பதினெட்டு கிகாஹெர்ட்ஸ் வரை
ஒரே வாயால் பேச வேண்டும். அதுதான் ஆர்டர்.
தொண்டையில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்.
அங்கே உரசாமல் எதிரெதிரே நிற்கும் இரண்டு முகடுகள்
வளைந்து வளைந்து விலகி
வாயருகே வந்ததும் ஒன்றையொன்று மறந்துவிடும்.
அந்த வளைவுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது.
நான் அதை அறுபத்து மூன்று முறை மாற்றினேன்.

காட்பாடி. மே மாதம். இரவு ஒன்றரை.
வெளியை நாற்பத்திரண்டு லட்சம் கட்டிகளாக வெட்டி
ஒவ்வொன்றிலும் புலம் எவ்வளவென்று
எண்ணிக்கொண்டிருந்தது மெஷின்.
பதினோரு மணி நேர ஓட்டத்தில்
பத்தாவது மணியில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தியது. கத்த மட்டும் செய்தது.

மறுநாள் குடியாத்தத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து.
வர முடியாது என்றேன்.
"உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"
ஆமாம் அக்கா,
பன்னிரண்டுக்கு மேலே அது இரண்டாகப் பிளக்கிறது,
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்
என்று சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் கோடு படிந்தது.
மைனஸ் பத்துக்குக் கீழே, தரையோடு தரையாக.
ராணிப்பேட்டை கௌஸ் பாய் பட்டறையில்
அலுமினியம் உருவெடுத்து வந்தது.
மொட்டை மாடியில் ஸ்டாண்டில் ஏற்றி,
மலைக்கு முதுகு காட்டி,
கேபிளை முடுக்கி, அளந்தால்
ஏழரையில் ஒரு முள்.

ஏழில் இல்லை, எட்டில் இல்லை.
சரியாக ஏழரை.
"சனி பகவான் சாஃப்ட்வேர்லயும் வர்றாரா மேடம்?"
என்றான் லேபில் இருந்த பூவராகன்.
சிரிப்பு வரவில்லை.
கேபிளை மாற்றினேன். கனெக்டரை மாற்றினேன்.
மலையைத்தான் மாற்றவில்லை.

மூன்றாம் நாள், ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டிருந்தபோது
கண்ணில் பட்டது நிறம்.
நாவல்பழ நிறம். அழகான நிறம்.
நான் கேட்காத நிறம்.

"மொட்டையா அனுப்பினா என் பேரு என்னாகும்?
அனோடைஸ் என் செலவு, உங்க பில்லுல ஏத்தல."
பாய், அந்தப் பூச்சு மின்சாரத்தை விடாது.
முகடு சுவரில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் தொடவில்லை.
ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர்.
ஏழரையின் அலைநீளத்தில் சரிபாதி.
நடுவில் ஒளிந்து நின்று பாடுகிறது.
அவர் டீயைக் கீழே வைத்தார்.
"நீங்க வரைஞ்சதுல அந்த இடைவெளி இல்லையே?"
இல்லை. அங்கே எல்லாம் எல்லாவற்றையும் தொடும்.

அன்றிரவு முதல்முறையாக
வேண்டுமென்றே ஒரு குறையை வரைந்தேன்.
முகட்டின் அடியில் இருபது மைக்ரான் இருட்டு.
விடியும்போது திரையில்
அதே இடத்தில், அதே உயரத்தில், முள்.
தவறு சரியாக வந்திருந்தது.
யாரையாவது எழுப்பிச் சொல்லத் தோன்றியது.
ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பாய் தானே எமரி பேப்பரோடு உட்கார்ந்தார்.
அடிப்பாகம் மட்டும் வெள்ளையாகத் தேய்த்தார்,
வெளியே நாவல்பழத்தில் ஒரு கீறல் விழாமல்.
ஏழரை இறங்கிற்று.
பதின்மூன்றில் சின்னதாக ஒரு மேடு மிச்சம்,
அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்
நாற்பது பக்க அறிக்கையைப் புரட்டினார்.
மூடி வைத்தார்.
கொம்பின் விலாவில் விரலை ஓட்டி,
"கலர் யாரோட ஐடியா?" என்றார்.