பதினோராம் கம்பி

வலிப்பு வருமுன் தார்சியுஸுக்குக்
கருகிய தேங்காயெண்ணெய் வாசம் வரும்.
வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு
வள்ளத்தின் குறுக்குச் சட்டத்தோடு
தன்னைக் கயிற்றால் கட்டிக்கொள்வார்.
இரண்டு தடவை கட்ட நேரமிருக்கவில்லை.

மூன்று மாத்திரைகளும் தோற்ற பிறகு
கடியபட்டணத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தார்.
மண்டையோட்டில் பென்சில் கனத்தில் துளைகள்,
துளைக்கொரு மின்முனை,
அதன் நுனியில் முடியைவிட மெல்லிய கம்பிகள்.
வலிப்பு எங்கே புறப்படுகிறது என்று தெரியவேண்டும்.
தெரிய, அது வரவேண்டும்.
மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.
வராததைத் திட்டியபடி மெற்றில்டா,
வந்துவிடுமோ என்று நான்.

காத்திருக்கும் நேரம் ஆராய்ச்சிக்கு.
ஒப்புதல் படிவத்தை இரண்டு பக்கமும் எழுத்துக்கூட்டிப் படித்தபின்தான்
கையெழுத்துப் போட்டார்.
மூளையில் இடத்துக்கென்றே செல்கள் உண்டு,
நீங்கள் நிற்கும் மூலைக்கு ஒன்று துடிக்கும்,
அடுத்த மூலைக்கு வேறொன்று
என்று பிளாஸ்டிக் மாதிரியைப் பிரித்துக் காட்டினேன்.
"கடல்ல ஏது மூலை" என்றார்.

மடிக்கணினிக்குள் ஒரு நகரம்.
அம்புக்குறியை அழுத்தித் தெருக்களில் நடக்கவேண்டும்:
பேக்கரி, தபால்பெட்டி, நீலக் கதவு.
நாற்பது நிமிடம் நடந்தார்.
மூன்று முறை ஒரே சுவரில் முட்டி நின்றார்.
ஒலிபெருக்கியில் தகரத்து மழை, அவ்வளவே.
"இது யாருக்க ஊரு பிள்ளே?"

மூன்றாம் நாள் மத்தியானம்
கணினியை மூடிவைத்தேன். நெறிமுறையில் இல்லாத வேலை.
கண்ணை மூடுங்கள், கடலுக்குப் போங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு வலது கை மெத்தை விளிம்பில்
சுக்கான் பிடித்தது. உதடு அசைந்தது.
மலையின் இன்ன முகடு
இன்ன கோயில் மணிக்கூண்டுக்கு நேரே வரவேண்டும்;
மேற்கே இன்ன பாறை
இன்ன மரத்தை விட்டு ஒரு விரல் விலகவேண்டும்.
(இன்ன என்று மட்டும்தான் இங்கே எழுதுவேன்.)
இரண்டும் ஒருசேர வந்தபோது
பதினோராம் கம்பி பேசியது.
டக். டக்டக். டக்டக்டக்டக்.
நகர்ந்தார், அடங்கியது.
திரும்பி வந்தார்,
அதே.

கண் திறந்து பார்த்த பார்வை
நோயாளியுடையதல்ல.
"நான் வாய்விட்டா சொன்னேன்?"

பதினெட்டு வருடம் கணியம் பார்த்துக் கண்ட மடை.
கூடப் பிறந்த கிளாரட்டிடம் சொன்னதில்லை.
ஜிபிஎஸ்ஸில் குறித்ததில்லை:
"பெட்டியில ஏத்தினா கரை முழுக்க ஏறிரும்."
மெற்றில்டாவுக்கு மீன் தெரியும், இடம் தெரியாது.
இப்போது எனக்கும்
ஒரு வன்தட்டுக்கும் தெரியும்.

அப்புறம் அவர் கேட்டது ஒன்றுதான்:
"வெட்டும்போ அதும் போயிருமா?"
டாக்டர் ஷைனி ஒரு விழுக்காடு சொன்னார்.
ஏலத்தில் முதல் விலை கேட்டவர் போலத்
தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அன்றிரவே வந்தது.
இடது பொட்டுமடலின் உள்மடிப்பில்,
பதினோராம் கம்பியிலிருந்து
எட்டு மில்லிமீட்டர்.

ஆனியாடிச் சாரலில் ஒருநாள் போன்.
ஏழு மாதமாக வாசம் வரவில்லை.
மடை?
"முகடும் மணிக்கூண்டும் நேராத்தான் வருது.
கல்லு போட்டா மணல்ல விழுது.
ரெண்டு வள்ள நீளம் தள்ளிப் போட்டேன்,
பாறையில தட்டிச்சு."
கணக்கு தப்பியது எந்தப் பக்கம் என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
பின்னால் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரை போயிருக்கிறது. அதில் அவர் நோயாளி ஏழு.
தரவு முழுவதையும் உலகுக்குத் திறந்துவைக்க வேண்டுமாம்.
டக்டக்குகளை அப்படியே விட்டேன்.
குரல் பதிவில் நாற்பத்தொரு நொடியை அழித்தேன்;
ஷைனி கையெழுத்திட்டார், ஏனென்று கேட்கவில்லை.
செல் துடித்த இடம் என்ற கட்டத்தில்
கடல் என்று எழுதினேன்.

இன்னும் துல்லியமாகக் குறிப்பிட முடியுமா என்று
மதிப்பாய்வாளர் கேட்டிருக்கிறார்.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பவேண்டும்.