இடம் வருதல்

பதினெட்டாம் நாள்.
பனிக்கட்டி மேல் மயங்கிக் கிடக்கிறது கொசு.
கழுத்தில் ஓர் ஊசி, மார்பில் ஓர் ஊசி.
மெல்ல இழுத்தால் தலையோடு வரும்
உமிழ்நீர்ச் சுரப்பி.
வராவிட்டால் அடுத்த கொசு.
நாற்பது வேண்டும் வீப்கெவுக்கு,
ஒன்பது மணிக்குள்.

ஹைடல்பெர்க்கில் இந்த வளாகத்துக்கு
வயல் என்று பெயர்.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, சைக்கிள்கள்,
நெக்கார் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை.

கண்ணாடித் தகட்டில் பச்சைப் பிறைகள்.
காலில்லை, துடுப்பில்லை, வாலில்லை,
நெளிவதுகூட இல்லை.
வழுக்கிப் போகின்றன,
துரத்தும் வெள்ளணுவைவிடப்
பத்து மடங்கு விரைவாக.

கண்ணாடியில் வட்டம்தான் போகத் தெரியும்.
சந்நிதியைச் சுற்றும் திசையல்ல, எதிர்த்திசை.
வலம் வருவதில்லை,
இடம் வருகின்றன.
நூறு படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால்
திரை முழுக்கக் காப்பிக் கோப்பையின் அடித்தடங்கள்.

எலியின் காதுமடலில் அந்த வட்டம் அவிழ்ந்துவிடும்.
நாரில் முட்டி, திரும்பி,
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே நுழைந்து,
ரத்தக்குழாய் தட்டுப்பட்டதும் நடை தளர்ந்து,
சுவரை அணைத்து வளைந்து வளைந்து
திடீரென்று
இல்லை.
அப்புறம் ரத்தமே சுமந்துபோகும் கல்லீரலுக்கு.
முக்கால்வாசி தோலிலேயே அலைந்து தீரும்.

ஏழாம் பெட்டியில் மந்தமான வகை.
ஒரு மரபணுவை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.
ஊசியால் நாமே ரத்தத்தில் ஏற்றினால்
நான்காம் நாள் எலி நோயாளி.
கொசு கடித்தால் ஒன்றுமில்லை.
அதே கிருமி, அதே எலி.
ஒரு விரற்கடை தூரத்தை
யார் கடப்பது என்பதுதான் நோயா?

என்னிடம் ஒன்று கடந்திருக்கிறது.
ராமேஸ்வரம், பத்தாம் வகுப்பு,
கணக்குப் பரீட்சைக்கு முந்தின வாரம்.
மூன்று போர்வைக்குள்ளும் பல் கிட்டியது.
போன மாதம் இங்கே ரத்ததான முகாமில்
படிவத்தைப் படித்த பெண்
இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள்,
சாக்லேட்டை மட்டும் கொடுத்தனுப்பினாள்.
இருபத்தாறு வருஷம் ஆயிற்று என்றேன்.
தலையாட்டினாள்.

எட்டு ஐம்பது.
ஓடியவை அறுபத்து மூன்று, ஓடாதவை முப்பத்தாறு.
மீதி ஒன்று,
ஒரு முனையைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
மறுமுனையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது,
கையசைப்பதுபோல என்று எழுத மாட்டேன்,
அதற்குக் கையில்லை.

போகவுமில்லை, நிற்கவுமில்லை.
அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் புதிதாய் ஒன்று கிழித்து
தமிழிலேயே எழுதினேன்:
பிற.

வீப்கெ வந்து
அதென்ன என்று கேட்டாள்.
இரண்டு அர்த்தம் உண்டு என்றேன்.