பதினான்காம் நிமிடம்

வானொலி நிலையத்தின் மூன்றாம் மாடி.
ஹெட்போன் இரண்டு காதையும் பொத்துகிறது.
ஒரு படிவம், ஒரு பென்சில், ஆறிப்போன காபி.
முப்பத்தொரு வருடப் பழைய ரெக்வியம்
மறுபடி வெளிவரத் தகுமா என்று
நான் சொல்ல வேண்டும்.

லியெபாயாவின் பெரிய தேவாலயம்.
நூற்றெண்பது பேர், இரண்டு இசைக்குழு, ஓர் ஆர்கன்.
பிப்ரவரி.
இரைச்சல் கேட்கும் என்று
சூடேற்றும் குழாய்களை அணைத்திருந்தார்கள்.
ஒவ்வொரு வாயிலிருந்தும் புகை.
நாடாவில் புகை கேட்காது.
நடுக்கம் கேட்கிறது.

எழுதத் தொடங்குகிறேன்:
சொப்ரானோக்கள் உச்சியில்
டம்ளரைக் கரண்டியால் தட்டியது போலக் கூசுகிறார்கள்.
பேஸ் குரல்களில் நல்ல கனம்,
ஆனால் தூணுக்குப் பின்னால் நின்றவர்கள்
அடுத்த ஊரிலிருந்து பாடுகிறார்கள்.
தீர்ப்பு நாளின் முரசு விழுமிடத்தில்
மைக் திணறிப்போகிறது.
அந்தத் திணறல் எனக்குப் பிடித்திருக்கிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வேகம்?
அர்வீத்ஸ் எப்போதும் மெதுவாகத்தான் நடத்துவார்.
செத்தவர்களுக்கு என்ன அவசரம் என்பார்,
ஒத்திகைக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்.

பதினான்காம் நிமிடம்.
எல்லாம் நிற்கிறது.
நான்கு எண்ணிக்கை மௌனம்,
அதன் பிறகே நித்திய இளைப்பாற்றி.
மூன்றாம் எண்ணிக்கையில்
யாரோ ஒருவர்
முதல் அசையைத் தொட்டு
விழுங்கிவிடுகிறார்.

"டெனர்" என்றான் ராய்திஸ்.
ஒலிப் பொறியாளன்; அன்று பிறந்திருக்கக்கூட மாட்டான்.
திரையில் கோடு கடுகளவு புடைத்திருந்தது.
"ஒரு சொடுக்கு போதும். இருந்த இடம் தெரியாது."

டெனர் என்றுதான் அன்றும் சொன்னார்கள்.
ஒலிப்பதிவு வண்டி இரவுக்குள் ரிகா திரும்ப வேண்டும்,
இன்னொரு முறை பாட நேரமில்லை.
யார் அது என்றார் அர்வீத்ஸ்.
ஆல்டோக்களை ஒட்டி நின்ற கடைசி டெனர்,
பல் மருத்துவர் தாலிவால்திஸ்,
கையைத் தூக்கினார்.
அன்றிலிருந்து அவர் பெயர் 'மூன்றரை'.
பிறந்தநாள் கேக்கில்கூட அப்படியே எழுதினார்கள்.

அவரிடம்தான் நான்
பன்னிரண்டு வருடம் பல் பார்த்துக்கொண்டேன்.
ஒவ்வொரு முறையும்
இன்று சொல்லிவிட வேண்டும் என்று போவேன்.
வாய் திறந்தேதான் இருக்கும்,
உள்ளே கண்ணாடியும் பஞ்சும் அவர் விரலும்.
"வலிக்கிறதா?" என்பார்.
தலையை மட்டும் ஆட்டுவேன்.

என்னைக் காப்பாற்றினாரா,
தன் குரல் என்றே நம்பிவிட்டாரா,
தெரியாது.
குளிரில் பக்கத்துக் குரலும் தன் குரலும்
ஒரே நெஞ்சிலிருந்து வருவது போலத்தான் இருக்கும்.
போன அக்டோபரில், பைன் மரங்களுக்கடியில்
ஆளுக்கு மூன்று கை மணல் போட்டோம்.
அதே இடத்தைப் பாடினோம்.
நான்கு எண்ணிக்கை.
யாரும் முந்தவில்லை.
முந்தாதது
எல்லோருக்கும் கேட்டது.

"திரும்பப் போடு" என்றேன்.
போட்டான்.
இருபத்தாறு வயதுக் குரல்.
தாழ்ந்து, கரகரத்து,
மௌனம் இத்தனை நீளமா என்று பொறுக்காமல்
முன்னே வந்து
அங்கே யாரும் இல்லை என்று கண்டு
கதவைச் சாத்திக்கொள்கிறது.
அதன் பிறகு நூற்றெண்பது பேரும் வருகிறார்கள்.
வரும்போது, முதன்முறையாகக் கவனிக்கிறேன்,
சொப்ரானோக்களின் கூச்சல்கூட
கொஞ்சம் இளகியிருக்கிறது.
சிரிப்பை அடக்கியிருப்பார்களோ என்னவோ.

படிவத்தில் எழுதினேன்:
பதினான்காம் நிமிடம், ஏழாம் நொடி.
ஆல்டோ. இரண்டாம் வரிசை, இடது ஓரம்.
நீக்க வேண்டாம்.

எட்டிப் பார்த்தான் ராய்திஸ்.
"ஆல்டோவா? வரிசைகூடவா கேட்கிறது?"
"நல்ல பதிவு" என்றேன்.

பத்துக்கு ஏழு கொடுத்தேன்.
அந்தத் தூண்களுக்காக ஒன்று,
சொப்ரானோக்களுக்காக ஒன்று,
மீதி ஒன்றைக்
காரணம் எழுதாமல் குறைத்தேன்.