பயன்பாட்டுச் சான்றிதழ்

கீழக்கரைக் கல்லூரியின் கணக்குப் பிரிவில்
ஓடாத மின்விசிறிக்குக் கீழே என் மேசை.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் டெல்லிக்குப் போக வேண்டும்
படிவம் பன்னிரண்டு-ஏ.

பெறப்பட்ட மானியம்: ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.
வாங்கிய கருவிகள்: இல்லை.
உருவான சொத்துகள்: இல்லை.
பக்கத்துத் துறை போன வருடம் ட்ரோன் வாங்கியது,
நாடா வெட்டியது,
கடற்பாசி மிதவைகளைப் படம் பிடித்தது.
இரண்டாம் வாரமே அது கடலில் விழுந்துவிட்டது.
சொத்துப் பதிவேட்டில் இன்னும் பறக்கிறது.

ருமைஸா மேடம் வாங்கியது
ஒரு வெள்ளைப்பலகை, மார்க்கர் பேனாக்கள்,
தாள் பதினேழு ரீம்.
மீதியெல்லாம் வழிவிட்டானின் உதவித்தொகை.
அதுவும் ஐந்து மாதமாகப் பாக்கி,
ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸுக்கு
என்னிடம் கைமாற்று வாங்கித்தான் வருகிறான்.

'கண்டறிந்தது என்ன?' என்கிறது எட்டாம் பத்தி.
போய்க் கேட்டேன்.
"குறுக்குவழி இல்லை" என்றார்.
எதற்கு?
ஒரு வகைக் கணக்குக்கு.
எந்த இயந்திரம் வந்தாலும்,
இனிப் பிறக்கப்போகிறவர்கள் எப்படி நிரல் எழுதினாலும்
இத்தனை அடி நடந்தே தீர வேண்டுமாம்.
"தேடினீங்க, கிடைக்கல. அப்படித்தானே மேடம்?"
"கிடைக்கல வேற சார். இல்ல வேற."

ஞாயிறு பாம்பன் போயிருந்தேன்.
மச்சான் கிளாட்வின் வெறும் ஐஸ்பெட்டியோடு கரையேறினான்.
"கடல்ல மீனே இல்ல" என்றான்.
வலையில் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னான்.
இந்த அம்மா சொல்வதோ
கடல் முழுக்க இல்லை என்று,
வலையே வீசாமல்
ஒரு பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு.
பாலத்தில் ரயில் போய் வெகுநேரம் கழித்தும்
எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

'சமுதாயத்துக்கு என்ன பயன்?' என்ற கட்டத்துக்கு
நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன்:
பாம்பன் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால்
அன்று டோக்கன் கிடையாது, படகு போகாது.
முடியாது என்று சொல்லவும்
அரசாங்கம் ஓர் ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிறது,
அதுபோல இதுவும்.
எழுதியது எனக்கே பிடித்துப்போய்
இரண்டு டீ சொன்னேன்.

சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார்.
"கூண்டு உயிரைக் காப்பாத்தும்.
இது யாரைக் காப்பாத்தும்னு எனக்குத் தெரியாது.
நாப்பது வருஷம் கழிச்சு யாருக்காவது உதவலாம்.
உதவாமலும் போகலாம்.
தெரியாதுன்னே எழுதுங்க."

எழுதினேன்.
இணையதளம் ஏற்கவில்லை,
இருநூறு எழுத்துக்குக் குறையக் கூடாதாம்.
தெரியாது தெரியாது தெரியாது என்று
வழிவிட்டான் தட்டிக்கொண்டே போனான்.
அவர் அதை அழித்தார்.
எது தெரியாது, ஏன் தெரியாது,
தெரிவதற்கு முன்னால் வேறு எதெல்லாம் தெரிய வேண்டும் என்று
நின்றபடியே அடித்தார்,
இருநூற்றுப் பதினோரு எழுத்து.
அந்தப் படிவத்தில்
எனக்குப் புரிந்த ஒரே பத்தி அதுதான்.

பதில் வந்தபோது ஆடிக்காற்று,
கோப்புகள் மேலெல்லாம் மணல்.
தெரியாததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
நகல் எடுத்த செலவில்
நாற்பத்து மூன்று ரூபாய்க்கு ரசீது இல்லையாம்,
அது வரும்வரை இரண்டாம் தவணை நிறுத்தம்.

ஜெராக்ஸ் கடைக்காரர் துபாய் போய்விட்டார்.
கடை இருந்த இடத்தில் இப்போது
கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள்.
மூன்று நாள் பீரோவைக் கவிழ்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன்:
"மேடம், ரசீது இல்ல."

பலகையிலிருந்து திரும்பாமல் கேட்டார்:
"இல்லையா சார், கிடைக்கலையா?"

திரும்பி வந்து
அடி இழுப்பறையை
மறுபடி வெளியே இழுத்தேன்.