நாற்பத்தைந்து டாலர்

தீயணைப்புக் குழாயை மறித்து நின்றது
பிரச்சாரப் பேருந்து.
பக்கவாட்டில் ஆளுயரப் பல்வரிசை:
கிரேடன் வூல்சி, செனட்டுக்கு.
உங்களில் ஒருவன்.

நான் அபராதச் சீட்டு எழுதுகிறவள்.
டுலூத் நகரில் பதினெட்டுப் பனிக்காலம்.
மைனஸ் இருபதில் பேனா உறைந்துபோகும்,
அக்குளில் வைத்துச் சூடேற்றி எழுதுவேன்.
சீட்டைக் கண்டு வைதிருக்கிறார்கள்,
அழுதிருக்கிறார்கள்.
பிரசவ வார்டுக்கு ஓடிய ஐவர் ஹாக்லண்ட்
மூன்று தவணையில் கட்டினான்.

இவர் சிரித்தார்.
படியிறங்கி, கையுறை கழற்றி,
நூறு டாலர் தாளை நீட்டி
மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.
புகைப்படக்காரன் தயாராக நின்றான்.

நான் காசு வாங்குவதில்லை ஐயா,
நகராட்சிக்கு அனுப்புங்கள்.
வண்டியை எடுக்கிறீர்களா?

"அதுதான் கட்டுகிறேனே" என்றார்
உண்மையாகவே புரியாமல்.

அந்தப் புரியாமையை
வீடுவரை சுமந்து வந்தேன்.
திருடனுக்காவது பூட்டைக் கண்டால் ஒரு தயக்கம்.
இவருக்கு விதி என்பது விலைப்பட்டியல்.
குழாய் கண்ணில் படவேயில்லை,
அதன் பின்னால் நான்கு மாடி,
மூன்றாவதில் ஆக்சிஜன் உருளையோடு
சிக்ரிட் ப்யோர்க்மன், ஜன்னலோரம்,
பேருந்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை
பள்ளி விளையாட்டுக் கூடத்தில் வரிசை
கூடைப்பந்து வளையத்தையும் தாண்டியிருந்தது.
எதிர்த்து நிற்பவரும் யோக்கியர் இல்லை,
காதில் விழுந்திருக்கிறது.
இரண்டு பெயர். இரண்டு வெற்று நீள்வட்டம்.
பேனாவை எடுத்தவள்
அக்குளில் இடுக்கிக்கொண்டு
நின்றேன் வெகுநேரம்.

கூடத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.