நான்காம் கூடாரம்

விடியலில் முதல் வேலை
கழிவறைக் கதவை வெளியிலிருந்து தட்டுவது.
தட்டினால்தான் தவளைகள் ஒதுங்கும்.
ஒதுங்காதவற்றைக் குவளையில் அள்ளிக்
கண்மாயில் விடுவேன்.
பொழுது சாய்ந்தால் திரும்பி வந்துவிடும்,
முன்பதிவு இல்லாமல்.

பிறகு எண்ணிக்கை.
கூடாரம் பதினொன்று, தலையணை இருபத்திரண்டு,
செருப்பு மட்டும் ஒற்றைப்படை.
இடதுகால் செருப்பென்றால் இந்த நரிக்கு என்ன பிரியமோ.
அலுவலகத்தில் ஒரு சாக்கு நிறைய
வலதுகால்கள் வைத்திருக்கிறேன்.

'மலையடிவாரம், ஏரிக்கரை' என்று பலகை.
ஏரி என்பது கண்மாய்.
மலை என்பது
காரைக்குடிக்காரர்கள் சிரிக்கும் ஒரு பாறை.
ஏறி இறங்க இருபது நிமிடம்,
குரங்கு வழிமறித்தால் நாற்பது.
ஆனாலும் அந்தியில் அதன் நிழல்
தண்ணீரைக் கடந்துபோய்
எதிர்க்கரை மருதமரங்களைத் தொடும்போது
மலைதான், வேறென்ன.

போனில் கேட்பார்கள்:
"வைல்டு லைஃப் உண்டா மேடம்?"
உண்டு. காட்டுமாடு வரும், தை கழிந்து,
தண்ணீர் நடுப்பள்ளத்துக்கு இறங்கியபின்.
உத்தரவாதம் தர இயலாது.
மயில் வரும், உங்கள் கார்க் கண்ணாடியில்
இன்னொரு மயிலைக் கண்டு கொத்தும்.
கண்ணாடிக்கு உறை நாங்களே தருவோம், இலவசம்.
சிறுத்தை? இல்லை.
வைஃபை? காற்றடிக்காத நாளில்.

சேவுகன் செம்மண்ணில் தடம் பார்த்துச் சொல்வான்:
"கீரி ரெண்டு. முள்ளம்பன்றி ஒண்ணு.
மூணாம் கூடாரத்து ஐயா, ராத்திரி ஆறு தடவை.
காப்பியில சீனி போடாதீங்க அவருக்கு."

பங்குனியில்,
கிழிசல் தைக்கப் பிரித்துப்போட்ட
நான்காம் கூடாரத்தின் சரளைத் தரையில்
ஆள்காட்டி முட்டையிட்டிருந்தது. நான்கு.
எது கல் எது முட்டை என்று
சேவுகனின் குதிகால்தான் கடைசி நொடியில்
கண்டுகொண்டது.

அன்றைக்கென்று பள்ளத்தூர்க் கல்யாண வீட்டார்.
அறுபது அறை வீடு அவர்களுக்கு.
பங்காளிகள் பூட்டிய ஐம்பத்து நான்குக்குச்
சாவி எந்த ஊரில் இருக்கிறதோ.
அதனால் பதினொரு கூடாரத்துக்கும்
முன்பணம் அல்ல, முழுப்பணம்.
வேனிலிருந்து இறங்கும் முன்பே
பறவை அவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது.

"கொஞ்சம் தள்ளி வைக்கலாமே அதை?"
என்றார் உமையாள் ஆச்சி, மாப்பிள்ளையின் அத்தை,
கைப்பையை மார்போடு அணைத்து.
தள்ளி வைத்தால் தாய் தேடாது என்றேன்.
உண்மையா என்று எனக்கே தெரியாது.
ஒரு கூடாரத்துப் பணத்தைத் திருப்பித் தருகிறேன்.
ஸ்பீக்கரும் வேண்டாம், தயவுசெய்து.

அவர் பறவையைப் பார்த்தார்.
சிவந்த மூக்கும் மஞ்சள் காலுமாக
ஓரடி நகராமல் அது திட்டிக்கொண்டிருந்தது.
"எங்க சம்பந்தியேதான்" என்றார்.
பணத்தை வாங்கிக்கொண்டார்.
எண்ணினார், இரண்டு முறை.

சுற்றிலும் செம்பூரான்கல் ஆறு அடுக்கிவிட்டு
பதிவேட்டில் எழுதினேன்:
நான்கு. ஆள்காட்டி. தங்கும் நாள் இருபத்தெட்டு.
அடையாள அட்டை என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

இரவுக் காவல் என் முறை.
மணி மூன்றிருக்கும்,
கண்மாயில் யாரோ அண்டாவைக் கவிழ்ப்பதுபோல் சத்தம்.
காட்டுமாடு. ஒற்றை.
முழங்காலளவு தண்ணீரில் நின்று குடிக்கிறது.
வெள்ளைக் காலுறை போட்ட கால்களைத்
தண்ணீர் மறைத்துவிட்டதால்
இருட்டின் ஒரு பகுதி
மட்டும் மூச்சுவிட்டதுபோல் இருந்தது.

எழுப்பலாமா அவர்களை?
இதற்காகத்தானே பணம் கட்டினார்கள்.
இல்லை, அவர்கள் இடம் போதாமல் வந்தவர்கள்.
டார்ச்சை அணைத்தேன்.
இன்னும் நன்றாகப் பார்க்கவேண்டுமென்று
ஓரடி வைத்தேன், ஒரே ஓரடி,
சரளை நெறிந்தது.

மாட்டுக்குச் சும்மா இருந்த ஆள்காட்டி
எனக்குக் கத்தியது.
வானமெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது.
தலை நிமிர்ந்தது. தண்ணீர் சொட்டியது.
பிறகு கரையேறும் சத்தம், முள் ஒடியும் சத்தம்,
பிறகு வெறும் தண்ணீர்.

காலையில் பல்துலக்கியபடி ஆச்சி கேட்டார்:
"ராத்திரி என்ன அப்படிக் கத்துச்சு?
திருடன் கிருடன் வந்தானா?"
நான்தான் வந்தேன் என்றேன்.